தாத்தா காரை மீட்பதா, ஹாட் ராட் ஆக்குவதா? ஸ்பேனர் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்களுக்கு இது பழக்கமான விஷயமாக இருக்கும். தென்னந்தோப்புக் கொட்டகையிலோ, வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டிலோ ஒரு பழைய அம்பாசிடர், ஃபியட் அல்லது ஜீப் தார்ப்பாய்க்குள் நிற்கும். தாத்தா ஓட்டியது. டயரில் காற்று இல்லை, எலி வயரைக் கடித்திருக்கும். விற்கவும் மனசு வராது, ஓட்டவும் முடியாது.

இன்னொரு பக்கம், மொபைலைத் திறந்தால் ரீல்ஸ் முழுக்க ஹாட் ராட். துருப்பிடித்த பழைய ஃபோர்டு ஒன்று முப்பது விநாடியில் பளபளவென்று புது இன்ஜினோடு உறுமிக்கொண்டு வெளியே வரும். "நம்ம காரையும் இப்படிப் பண்ணிட்டா என்ன?" என்று தோன்றுவது இயல்புதான்.

பண்ணலாம். ஆனால் அதற்கு முன் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். காரைப் பழையபடி மீட்கப்போகிறீர்களா, அல்லது மாற்றிக் கட்டப்போகிறீர்களா? அமெரிக்காவில் இது ரசனை சார்ந்த கேள்வி. இந்தியாவில் சட்டம் சார்ந்த கேள்வி. பல வருட உழைப்பும் சேமிப்பும் போட்ட பிறகு அந்த கார் ரோட்டில் இறங்குமா, ஷெட்டிலேயே நிற்குமா என்பது இந்த முடிவில்தான் இருக்கிறது.

ஹாட் ராட்னா என்ன?

1930-களில் அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியாவில் தொடங்கிய பழக்கம் இது. கையில் அதிகக் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கினார்கள். எடையைக் குறைக்க மட்கார்டு, பானட் எல்லாவற்றையும் கழற்றினார்கள். இன்ஜினைப் பிரித்து வேகம் கூட்டினார்கள். பிறகு மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி, யார் கார் வேகம் என்று பார்த்தார்கள்.

1932-ல் ஃபோர்டு நிறுவனம் சாமானியர் வாங்கும் விலையில் வி8 இன்ஜின் கார் கொண்டுவந்தது ஒரு திருப்புமுனை. எட்டு சிலிண்டர் இன்ஜின் அதுவரை பணக்காரர்களின் காரில்தான் இருந்தது. அந்த '32 ஃபோர்டு' இன்று வரை ஹாட் ராட் ரசிகர்களுக்கு ஆதி விக்கிரகம் மாதிரி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்களால் இந்தப் பழக்கம் பெரிதானது. 1948-ல் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகை வந்தது. தெருவில் நடந்த பந்தயங்களை ஒழுங்குக்குள் கொண்டுவர 1951-ல் தேசிய அளவில் ஒரு சங்கமும் உருவானது.

சுருக்கமாகச் சொன்னால், பழைய உடம்பும் புது இதயமும் சேர்ந்தது ஹாட் ராட். கம்பெனி கொடுத்ததை மாற்றுவதுதான் அதன் அடிப்படையே. சிக்கலும் அங்கேதான்.

நம்ம ஊரில் மாற்றும் பழக்கம் இல்லையா?

நிறையவே உண்டு. ஆனால் வேகத்துக்காக அல்ல, பெரும்பாலும் பிழைப்புக்காக. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டும் கேஸ் பிளான்ட்களைத் தயாரித்தது. பஸ் ஓடியாக வேண்டும், எரிபொருள் இல்லை, அதனால் மாற்றினார்கள்.

கோவையின் ஜி.டி.நாயுடு கதையும் பலருக்குத் தெரிந்திருக்கும். இளம் வயதில் ஒரு ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கியவர், ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டியது. 1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒற்றை பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். அவர் பெயரால் கோவை அவிநாசி சாலையில் இயங்கும் ஜீடீ கார் மியூசியத்தில், பழைய கார்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பின்னாளில் பெட்ரோல் விலைக்குப் பயந்து அம்பாசிடரிலும் ஜீப்பிலும் டீசல் இன்ஜின் மாட்டியவர்கள் ஏராளம். 1990-களில் அம்பாசிடருக்கு 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்த பிறகு, அதையே பழைய அம்பாசிடரில் ஏற்றியவர்களும் உண்டு. யோசித்துப் பார்த்தால் நம்ம ஊர் ஹாட் ராட் இதுதான்!

அப்போ இப்போ என்ன பிரச்சினை?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. உற்பத்தியாளர் முதலில் கொடுத்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் தண்டனையும் சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். இன்ஜின் ஒன்று, சேஸிஸ் ஒன்று, பாடி ஒன்று என்று கணக்கு ஏறும்.

விதிவிலக்கே இல்லையா? இருக்கிறது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு, அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் மாற்றலாம். அதை ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். வண்டியின் நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி.யில் திருத்தம் வேண்டும். கூரையை வெட்டி இறக்குவது, வேறு கம்பெனியின் பெரிய இன்ஜினை ஏற்றுவது, சேஸிஸை நறுக்கி ஒட்டுவது போன்ற ரீல்ஸ் வேலைகளுக்கு இதில் இடமில்லை.

இதைச் சும்மா அரசாங்கக் கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது. அம்பாசிடரும் ஃபியட் 1100-ம் தனி சேஸிஸ் இல்லாத வண்டிகள். தரைத்தகடும் பக்கவாட்டுப் பெட்டித் தகடும் சேர்ந்துதான் அதன் எலும்புக்கூடு. அதை வெட்டினால் அழகு மட்டும் மாறாது, காரின் பலமும் மாறும். 1489 சி.சி. இன்ஜினின் வேகத்துக்குப் போட்ட டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு, இரண்டு மடங்கு சக்தியுள்ள இன்ஜினை ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மீட்டால் என்ன கிடைக்கும்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் 'விண்டேஜ் வாகனம்' என்ற தனிப் பிரிவுக்கு விதிகள் கொண்டுவந்தது. இதில் முக்கியமானவை:

• முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சொந்த உபயோக இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ் ஆகும்.

• அசல் வடிவிலேயே பராமரித்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

• படிவம் 20-ல் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ், கட்டணம் இவற்றோடு, ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி.யும், இறக்குமதி என்றால் சுங்க ஆவணமும் தேவை.

• புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

• புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் பழைய கார்க்காரர்களுக்கு எண்தான் உயிர். தி.நகர் நினைவு இல்லத்தில் நிற்கும் எம்.ஜி.ஆரின் அம்பாசிடரை 'டி.எம்.எக்ஸ். 4777' என்ற எண்ணால்தான் ரசிகர்கள் அடையாளம் சொல்வார்கள். உங்கள் தாத்தா காரின் எண்ணும் உங்கள் தெருவுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

50 ஆண்டு என்றவுடன் ராஜா காலத்து ரோல்ஸ் ராய்ஸ் என்று நினைக்க வேண்டாம். இன்றைய கணக்கில் 1975-க்கு முன் பதிவான அம்பாசிடர், ஃபியட், ஜீப், ஏன், புல்லட் கூட வயதில் தேறிவிடும். சென்னை வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-லேயே வந்தது. தமிழ்நாட்டிலேயே பிறந்த கார் என்பதால் அதற்கு இங்கே தனி மவுசு.

விண்டேஜ் பதிவில் ஒரு 'ஆனா' உண்டு

விண்டேஜாகப் பதிந்த காரை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குக் கொண்டுபோவது போன்ற தேவைகளுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். வாடகைக்கும் விடக் கூடாது.

"ஆடி அமாவாசைக்கு சதுரகிரி போக, குடும்பத்தோட தாணிப்பாறை வரைக்கும் தாத்தா கார்லயே போகணும், அதான் ஆசை" என்பவருக்கு விண்டேஜ் பதிவு பொருந்தாது. அவர் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொள்வது நல்லது. தனியார் காருக்கு முதல் 15 ஆண்டுகளுக்குப் பிறகு, தகுதிப் பரிசோதனையில் தேறினால் ஐந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொண்டே போகலாம். டெல்லி மாதிரி இத்தனை வயதோடு சரி என்ற வரம்பு தமிழ்நாட்டில் தனியார் கார்களுக்கு இல்லை. புதுப்பிக்காமல் விட்ட காலத்துக்குத் தாமதக் கட்டணம் மட்டும் சேரும்.

பழமையைக் காட்ட வேண்டும் என்றால் விண்டேஜ் பதிவு. ஓட்ட வேண்டும் என்றால் சாதாரணப் பதிவு. இரண்டு வழியிலும் கார் அசலாக இருக்க வேண்டும்.

முதல் வேலை மெக்கானிக்கிடம் இல்லை, பீரோவில்

பெயின்ட் நிறம் தேடுவதற்கு முன் பேப்பரைத் தேடுங்கள். ஆர்.சி. புத்தகம், பழைய வரி ரசீது, இன்ஷூரன்ஸ் என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். விருதுநகர் மாவட்டமே 1985-ல்தான் உருவானது. அதற்கு முன் வத்திராயிருப்பும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அதனால் பழைய பேப்பரில் முகவரி 'ராமநாதபுரம் மாவட்டம்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம், சரியான பேப்பர்தான்.

ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும் என்பது விதி. வருடக்கணக்கில் தாண்டியிருந்தாலும், முதலில் முடிக்க வேண்டிய வேலை இதுதான். வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும். சித்தப்பா, அத்தை என்று மற்ற வாரிசுகளின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். துருப்பிடித்து நிற்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். பளபளவென்று ஆன பிறகு எல்லோருக்கும் அந்த கார் மேல் பாசம் வந்துவிடும்!

அடுத்து, சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் கண்டுபிடியுங்கள். அழுக்கை மெதுவாகத் துடைத்து, காகிதத்தை மேலே வைத்து பென்சிலால் தேய்த்தால் எண் அச்சாக விழும். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் பல வருடமாக இப்படித்தான் சரிபார்க்கிறார்கள். அதை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் எண் பொருந்தவில்லையா? எப்போதோ யாரோ டீசல் இன்ஜின் மாட்டியிருக்கலாம். அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டேஜ் பதிவுதான் இலக்கு என்றால், அசல் வகை இன்ஜினைத் தேடும் வேலை உங்கள் பட்டியலில் இப்போதே சேர்ந்துவிடும்.

எண் பொறித்த இடத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ படவே கூடாது. டிங்கரிங் தொடங்கும் முன் அந்த இடத்தை போட்டோ எடுத்து, டேப் ஒட்டி, வேலை செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். எண் அழிந்தால் கார் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஏன் இத்தனை வருஷம் ஆகுது?

ஒரு பழைய காரை மீட்க வருடக்கணக்கில் ஆவது சோம்பலால் மட்டும் அல்ல. வேலைகள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும்.

பிரிப்பது: ஆர்வத்தில் ஒரே வாரத்தில் பிரித்துவிடலாம். ஆனால் பூட்ட இரண்டு வருடம் கழித்து உட்காரும்போது, எந்த போல்ட் எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போட்டோ, கழற்றியதும் பெயர் எழுதிய கவர். பாதியில் நின்றுபோகும் பல ப்ராஜெக்ட்கள் பாகம் தொலைந்து நின்றவைதான்.

இன்ஜின்: வருடக்கணக்கில் நின்ற இன்ஜினைத் தள்ளி ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஆயில் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினாலும் பிரித்துப் பார்ப்பது உத்தமம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர், அதற்கேற்ற பெரிய சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் என்று லேத் பட்டறை வேலை நீளும். ராஜபாளையம் நூற்பாலை நகரம் என்பது இங்கே ஒரு வசதி. இரும்பை அளந்து கடையத் தெரிந்த கைகள் அந்த ஊரில் கிடைக்கும்.

பாடி: பணமும் நேரமும் அதிகம் தின்னும் இடம். மேலே பெயின்ட் நன்றாகத் தெரிந்தாலும், தரைத்தகடு, கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு ஆகியவற்றைக் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. மண் தரையில் நின்ற காருக்கு ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம் கீழிருந்தே ஏறியிருக்கும். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதுதான் மீட்பு. துரு மேலேயே பட்டி பூசுவது மறைப்பு.

பாகங்கள்: சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் அலைய வேண்டியிருக்கும். கிடைக்காததைச் செய்துதான் ஆக வேண்டும். ஒரு டெயில் லைட் கண்ணாடிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

பலர் செய்யும் தவறு, முதலில் பெயின்ட் அடிப்பது. பார்க்க ஆசையாக இருக்கும். பிறகு இன்ஜினை இறக்கும்போது கீறல் விழும், வெல்டிங் பொறி பட்டுக் கருகும். பிரேக், ஸ்டீயரிங், இன்ஜின், வயரிங், கடைசியில் பெயின்ட் என்பதுதான் வரிசை.

இன்றைய பெட்ரோல் பிரச்சினை

பழைய காரை அசலாகவே மீட்டாலும், பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது அந்தக் காலத்துப் பெட்ரோல் இல்லை. 2000-ம் ஆண்டு பிப்ரவரியோடு இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பழைய இன்ஜின்களின் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தை அந்த ஈயம்தான் தேயாமல் காத்தது. இன்ஜின் ஹெட்டைப் பிரிக்கும்போதே கடினமான வால்வு சீட் பொருத்திக்கொள்வது இதற்கான தீர்வு.

அடுத்தது எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இப்போது நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் ஒழுகுவது சூடான இன்ஜின் பக்கத்தில் என்றால் தீ அபாயம். ஆகவே எரிபொருள் லைனில் உள்ள ரப்பர் அத்தனையையும், எத்தனால் தாங்கும் ரகத்தில் புதிதாகப் போடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

சரி, ஹாட் ராட் ஆசையை என்ன செய்வது?

தனியார் இடத்தில் காட்சிக்கு மட்டும் வைக்கும் வண்டி என்றால் ரோட்டு விதிகள் அவ்வளவாகத் துரத்தாது. ஆனால் அதற்கு தாத்தாவின் ஆர்.சி. உள்ள, அசல் எண் உள்ள காரை வெட்ட வேண்டாம். பேப்பர் இல்லாத, பாடி பாதி போன வண்டியை அதற்கு எடுத்துக்கொள்ளலாம். அசலாக மிஞ்சிய கார்களின் எண்ணிக்கை இனிமேல் குறையத்தான் செய்யும். வெட்டிய தகட்டைப் பழையபடி ஒட்டவைக்க எந்த டிங்கராலும் முடியாது.

மீட்ட கார்கள் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க, கோவை மியூசியம் போலவே சென்னை வடபழனியில் 2023-ல் திறந்த ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகமும் நல்ல இடம். பெயின்ட்டை மட்டும் பார்க்காமல், கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி, குரோம் பட்டை, மீட்டர் போர்டு எல்லாவற்றையும் கவனியுங்கள். உங்கள் காரில் எதை மாற்றக் கூடாது என்பது அங்கே புரியும்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறீர்களா? காசு செலவில்லாத மூன்று வேலைகளை முடித்துவிட்டு வாருங்கள். பீரோவில் ஆர்.சி.யைத் தேடி எடுங்கள். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். காரை மண் தரையிலிருந்து தூக்கி, நான்கு பக்கமும் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். மீட்பது எப்போது தொடங்கினாலும் சரி, அதுவரை துருவாவது கொஞ்சம் மெதுவாக ஏறட்டும்.